பழி சுமக்கும் கூலிகள்: ரொறன்ரோவில் நிலையற்ற வேலையும் அரசியலும்

ரொறன்ரோவில் வாடகை ஏறினாலும், வேலை கிடைக்காவிட்டாலும், மருத்துவமனை அவசரப் பிரிவில் பொழுது விடியும்வரை காத்துக் கிடக்க நேர்ந்தாலும், யாரால் இந்த நிலை என்ற கேள்விக்கு அரசியல் மேடையில் பதில் தயாராக இருக்கும்: கடைசியாக வந்து இறங்கியவர்களால். 1933ல் அவர்கள் யூதர்கள். 1986லும் 2010லும் கப்பலில் வந்த ஈழத்தமிழர்கள். 2024ல் இந்திய மாணவர்கள். ஆட்கள் மாறியிருக்கிறார்கள். ஆனால், பழி விழுந்தவர்கள் அநேகமாக எல்லாக் காலத்திலும் நகரத்தின் மிகக் குறைந்த கூலி வேலைகளை, நாளைக்கு வேலை உண்டா என்ற உறுதி இல்லாமல் செய்தவர்களாகவே இருக்கிறார்கள். இதற்குக் காரணம் உண்டு. நிலையற்ற வேலை என்ற ஏற்பாடு வேலை கொடுப்பவரை மறைத்துவிட்டு, வேலை செய்பவரை மட்டும் வெளியே தெரியவிடுகிறது. பொறுப்பாளியைத் தேடும் கண்ணில் முதலில் படுவது அவருடைய முகம்தான்.

பின்னாளில் கனடாவின் பிரதமரான மக்கென்சி கிங், 1897ல் இருபத்திரண்டு வயது இளைஞராக, 'மெயில் அண்ட் எம்பயர்' நாளிதழுக்காக ரொறன்ரோவின் ஆடை தைக்கும் வீடுகளில் ஏறி இறங்கினார். அஞ்சல் ஊழியரின் அரசாங்கச் சீருடைகூட அங்கேதான் தைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் எடுத்தவர் அதை உப ஒப்பந்தக்காரரிடம் விட, அவர் இன்னொருவரிடம் விட, கடைசியில் ஓர் அறைக்குள் பெண்களும் பிள்ளைகளும் அற்பக் கூலிக்கு ஊசி பிடித்தார்கள். கிங் 1898ல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1900ல் அரசாங்க ஒப்பந்தங்களுக்கு நியாயக் கூலித் தீர்மானம் வந்தது. கைமாறிக் கைமாறி வேலை கீழே போகும்போது பொறுப்பு கரைந்துபோகும் இந்த வழி, ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் மூலம் நடக்கும் இன்றைய வேலையிலும் அப்படியே இருக்கிறது.

பெருமந்தக் காலத்தில் நாட்டின் தொழிலாளரில் கால்வாசிக்கு மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். 1931ல் குடிவரவுக் கதவு ஏறத்தாழ முழுதாகச் சாத்தப்பட்டது. நகராட்சியிடம் நிவாரணம் கேட்கப் போன குடியேறியவர்கள் அரசுக்குச் சுமை என்று பதியப்பட்டு ஆயிரக்கணக்கில் நாடுகடத்தப்பட்டார்கள். 1933 கோடையில் ரொறன்ரோவின் கிழக்குக் கடற்கரைப் பகுதியில் இளைஞர்கள் 'சுவஸ்திகா கழகம்' என்று ஒன்றை அமைத்து, குளிக்க வரும் யூதரை மிரட்டித் திரிந்தார்கள். ஆகஸ்ட் 16 அன்று கிறிஸ்டி பிற்ஸ் மைதானத்தில் பேஸ்போல் ஆட்டத்தின் முடிவில் ஒரு சுவஸ்திகாத் துணி விரிக்கப்பட, மணிக்கணக்கில் தெருச் சண்டை நடந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்ட அந்தக் கலவரத்தில் யூத இளைஞருக்குத் துணையாக இத்தாலிய இளைஞரும் நின்றார்கள்.

அந்த யூதக் குடும்பங்களில் பல ஸ்படைனா வீதியின் ஆடைத் தொழிற்கூடங்களில் துண்டுக் கணக்குக் கூலிக்குத் தைத்துப் பிழைத்தவை. அதே தொழில் எப்படி நடக்கிறது என்பது 1934ல் வர்த்தக அமைச்சர் எச். எச். ஸ்டீவன்ஸ் தொடக்கிவைத்த விலை விசாரணையில் வெளிவந்தது. ஈட்டன்ஸ் பெருங்கடையின் ரொறன்ரோத் தொழிற்கூடப் பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். துண்டுக்கான கூலி வெட்டப்பட்டது; கிழமைக்கு 12.50 டொலர் என்ற சட்டபூர்வக் குறைந்தபட்சத்தை எட்ட முன்னைவிட வேகமாகத் தைக்கவேண்டியிருந்தது. எட்ட முடியாதவருக்கு வேலை போகும் பயம். நாட்டின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனம் கூலியை எப்படி அழுத்தியது என்பது அரச விசாரணையின் ஏட்டில் ஏறிவிட்டது. அதை எதிர்த்து எவரும் கடற்கரையில் கழகம் கட்டவில்லை.

1979 செப்ரெம்பரில் சிரிவி தொலைக்காட்சியின் 'டபிள்யூ5' நிகழ்ச்சி, வெளிநாட்டு மாணவர் கனடியப் பிள்ளைகளின் பல்கலைக்கழக இடங்களைப் பறிக்கிறார்கள் என்று காட்டியது. திரையில் வந்தவை ரொறன்ரோப் பல்கலைக்கழக வகுப்பறையில் இருந்த சீன முகங்கள். அவர்கள் வெளிநாட்டு மாணவர்களே இல்லை, கனடாவிலேயே வாழ்ந்தவர்கள். எதிர்ப்புப் போராட்டங்களுக்குப் பின் 1980ல் நிலையம் மன்னிப்புக் கேட்டது. சீனக் கனடியர் தேசியப் பேரவை அந்தப் போராட்டத்தில் பிறந்ததுதான்.

தமிழரின் முறை 1986 ஆகஸ்ட்டில் வந்தது. நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரை மீன்பிடிப் படகுகள் காப்பாற்றின. நேரே இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னது பொய், புறப்பட்டது மேற்கு ஜெர்மனியிலிருந்து என்று தெரிந்ததும் பொதுமக்களின் இரக்கம் கோபமாகத் திரும்பியது. ஆயினும் பிரதமர் பிரயன் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. வேலை செய்யும் அனுமதி கிடைத்தது. மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்த அந்தத் தலைமுறையினர் பலர் உணவகக் கோப்பை கழுவும் தொட்டியிலும், இரவு நேரத் துப்புரவிலும், தொழிற்சாலைப் பட்டியிலும் இரண்டு வேலை, மூன்று வேலை என்று நின்றார்கள். ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1987ல் சீக்கியர்களை ஏற்றிய கப்பலும் வந்து சேர, நாடாளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டு அகதிச் சட்டம் இறுக்கப்பட்டது.

2010 ஆகஸ்ட் 13ல் 'சன் சீ' கப்பல் 492 ஈழத்தமிழருடன் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தது. 63 பெண்கள், 49 சிறுவர்கள். பயணிகளில் ஆட்கடத்தல்காரரும் பயங்கரவாதிகளும் இருப்பதாக அமைச்சர் விக் டேவ்ஸ் கப்பல் கரை சேருமுன்பே பேசினார். கப்பல் வந்த சில நாட்களில் ரொறன்ரோ மேயர் வேட்பாளர் விவாதம் நடந்தது. இருக்கும் 25 இலட்சம் பேரையே இந்த நகரத்தால் கவனிக்க முடியவில்லை, மேலும் ஆட்கள் வேண்டாம் என்ற கருத்தில் றொப் ஃபோர்ட் பேசினார். மற்ற வேட்பாளர்கள் கண்டித்தார்கள். ஒக்ரோபரில் அவரே வென்றார். குடியேறியவர் அதிகம் வாழும் ஸ்காபரோவிலும் அவருக்கே முன்னிலை என்பது சங்கடமான செய்தி. கதவைத் தாண்டி உள்ளே வந்தவருக்குக் கதவைச் சாத்தும் பேச்சு பிடிக்காமல் போவதில்லை.

2012ல் நிறைவேறிய சட்டம், இப்படிக் கூட்டமாக வருவோரை, பதினாறு வயதுச் சிறுவர் உட்பட, கட்டாயத் தடுப்புக்காவலில் வைக்க வழிசெய்தது. அகதி என்று ஏற்கப்பட்டாலும் ஐந்து ஆண்டுகளுக்கு நிரந்தர வதிவிடம் கேட்கக்கூடாது என்றது. நிரந்தர வதிவிடம் இல்லையென்றால் குடும்பத்தை அழைக்க முடியாது. முதலாளியோடு முரண்டு பிடிக்கவும் துணிவு வராது. மேடையில் சுமத்திய பழி இப்படிச் சட்டமாகி, எந்தக் கூலிக்கும் இணங்கும் தொழிலாளரை உருவாக்குகிறது.

பெரும்பாக ரொறன்ரோ, ஹமில்ரன் பகுதித் தொழிலாளரில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கே சலுகைகளோடு கூடிய நிரந்தர முழுநேர வேலை இருக்கிறது என்று மக்மாஸ்ரர் பல்கலைக்கழகமும் யுனைட்டெட் வே அமைப்பும் 2013ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மீதிப் பேர் ஏதோ ஒரு வகையில் தற்காலிகம், ஒப்பந்தம், பகுதிநேரம். அடிமட்டத்தில் இருப்பது ஏஜென்சி வேலை. அதிகாலையில், இருட்டுக் கலையுமுன், பிளாசா வாசலில் வந்து நிற்கும் வான் வண்டியில் ஆட்கள் ஏறுகிறார்கள். எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறோம் என்பது சிலநாள் வானில் ஏறிய பிறகே தெரியும். வேலை வாங்குவது தொழிற்சாலை. சட்டப்படி முதலாளி ஏஜென்சி. ஏஜென்சிகளில் சில தமிழர் நடத்துபவை, சில பஞ்சாபியர் நடத்துபவை. இனப்பற்று கூலிச் சீட்டில் தென்படுவது அரிது.

இந்த இரட்டை முதலாளி ஏற்பாட்டின் பொருள் என்ன என்பதை நோர்த் யோர்க்கிலுள்ள ஃபியெரா ஃபுட்ஸ் என்ற பெரிய பேக்கரித் தொழிற்சாலையின் வரலாறு காட்டுகிறது. 2016 செப்ரெம்பரில் கினியிலிருந்து அகதியாக வந்த 23 வயதுப் பெண் அங்கே இயந்திரப் பட்டியில் தலைத்துணி சிக்கி இறந்தார். நிறுவனம் குற்றத்தை ஏற்றது; 3 இலட்சம் டொலர் அபராதம். அடுத்த ஆண்டு 'ரொறன்ரோ ஸ்டார்' நிருபர் ஒருவர் ஏஜென்சி மூலம் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் நின்றார். பாதுகாப்புப் பயிற்சி என்று கிடைத்தது ஏறத்தாழ ஐந்து நிமிடம். கூலியை வாங்க, காசோலை மாற்றும் கடன்கடை ஒன்றுக்குப் போகவேண்டும். உறையில் நோட்டு, கழிவு விவரம் எதுவும் இல்லை. 1999ல் இறந்த பதினேழு வயதுப் பையன் தொடங்கி 2019வரை, அந்த நிறுவனத்திலும் அதனோடு இணைந்த நிறுவனங்களிலுமாக ஐந்து ஏஜென்சித் தொழிலாளர் உயிரிழந்தார்கள்.

இதற்குக் கீழே ஒரு கணக்கு ஓடுகிறது. ஒன்ராறியோவில் வேலையிடக் காயத்துக்கு இழப்பீடு கொடுக்கும் சபை, எந்த முதலாளியிடம் அதிகம் பேர் காயமடைகிறார்களோ அவருடைய கட்டணத்தைக் கூட்டும். ஏஜென்சி ஆள் காயமடைந்தால் அந்தக் கணக்கு ஏஜென்சியின் பேரில் ஏறுமே ஒழிய, இயந்திரத்துக்குச் சொந்தக்காரரின் பேரில் ஏறாது. ஆகவே ஆபத்தான வேலைக்கு ஏஜென்சி ஆளை நிறுத்துவது கணக்குப்படி இலாபம். இதை மாற்றச் சட்டத்தில் 2014லேயே இடம் வைக்கப்பட்டது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் ஒழுங்குவிதி பல ஆண்டுகள் வரவே இல்லை. 2017ல் லிபரல் அரசு கொண்டுவந்த சட்டம், குறைந்தபட்சக் கூலியை 14 டொலராக்கியது. ஏஜென்சித் தொழிலாளருக்குச் சம வேலைக்குச் சம கூலி என்றது. ஆண்டில் இரண்டு நாள் சம்பளத்துடன் அவசர விடுப்பும் தந்தது. 2018ல் ஆட்சிக்கு வந்த டக் ஃபோர்ட் அரசு அதே ஆண்டு நவம்பரில் கூலி உயர்வை நிறுத்தி, சம கூலியையும் சம்பள விடுப்பையும் நீக்கியது. ஒன்ராறியோ வியாபாரத்துக்குத் திறந்திருக்கிறது என்பதுதான் அந்தச் சட்டத்தின் பெயரே.

நீக்கப்பட்ட அந்த இரண்டு நாளின் விலை கொரோனாவில் தெரிந்தது. 2020 ஜூலை நடுப்பகுதிவரை ரொறன்ரோவில் தொற்றியவர்களில் 83 சதவீதம் வெள்ளையர் அல்லாதோர். நகர மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 52 சதவீதம். வடமேற்கு ரொறன்ரோ, ஸ்காபரோ, அயலிலுள்ள பிரம்டன் என்று தொற்று குவிந்த இடங்கள், களஞ்சியத்துக்கும் பொதிகட்டும் ஆலைக்கும் ஆள் போகும் இடங்கள். அப்போது எழுந்த பேச்சோ வேறு: பெரிய குடும்பம், கல்யாணம், தீபாவளி. அல்பேர்ட்டா முதல்வர் ஜேசன் கென்னி 2020 நவம்பரில் தெற்காசிய வானொலி ஒன்றிலேயே வந்து, வீட்டுக் கூட்டங்களைக் குறைக்கச் சொல்லி எச்சரித்தார். பிரம்டனைப் பற்றியும் ஒன்ராறியோவில் இதே தொனிதான்.

பிரம்டனை உள்ளடக்கிய பீல் பிராந்தியத்தின் பொதுச் சுகாதாரப் பிரிவு தன்னிடமிருந்த தொற்றாளர் விவரத்தைப் புரட்டிப் பார்த்தது. 2020 ஆகஸ்ட்டுக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில் ஆராயப்பட்ட ஏறத்தாழ 8,000 பேரில் கால்வாசிப் பேர் அறிகுறியோடு வேலைக்குப் போயிருந்தார்கள். தொற்று உறுதியான பிறகும் போனவர்கள் சுமார் 80 பேர். பொறுப்பில்லாதவர்கள் என்று அவர்களைத் திட்டுவது எளிது. ஒருநாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை. இரண்டு நாள் போகாவிட்டால் ஏஜென்சியின் அழைப்பே இல்லை. பிரம்டனிலிருந்த அமேசன் களஞ்சியத்தில் சில மாதங்களில் 600க்கு மேற்பட்டோருக்குத் தொற்றிய பின், 2021 மார்ச்சில் பிராந்திய மருத்துவ அதிகாரி லோரன்ஸ் லோ அங்குள்ளோரைத் தனிமைப்படுத்தி அதை மூடச் செய்தார். மாகாண அரசு ஏப்ரல் 16 அன்று விளையாட்டுத் திடல்களை மூடி, தெருவில் போவோரை மறித்து விசாரிக்கப் பொலிசுக்கு அதிகாரம் கொடுத்தது. பொலிஸ் பிரிவுகளே அதைச் செய்ய மறுத்தன. அரசு பின்வாங்கியது, முதல்வர் டக் ஃபோர்ட் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். அம்மாத இறுதியில்தான் சம்பளத்துடன் மூன்று நாள் விடுப்பு வந்தது, அதுவும் தற்காலிகமாக. 2023 மார்ச்சோடு அது முடிந்துபோனது.

ஏஜென்சி வேலையில் முதலாளி இரண்டாகிறார் என்றால், செயலி வேலையில் அவர் ஆளே இல்லாமல் போகிறார். ஊபர் ஈட்ஸில் உணவு கொண்டுபோய்க் கொடுத்த ரொறன்ரோ ஓட்டுநர் ஒருவர் வழக்குப் போட்டபோது, நெதர்லாந்தில் மத்தியஸ்தத்துக்குப் போகவேண்டும் என்று ஒப்பந்தத்தைக் காட்டியது நிறுவனம். அதற்குக் கட்டவேண்டிய ஆரம்பக் கட்டணம் 14,500 அமெரிக்க டொலர். அவருடைய வருமானமோ கிழமைக்கு 400 முதல் 600 டொலர். அந்த நிபந்தனை செல்லாது என்று 2020 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதே ஆண்டு ஃபூடோரா என்ற உணவு விநியோகச் செயலியின் சைக்கிள் ஓட்டிகள் சங்கம் அமைக்கும் உரிமையை ஒன்ராறியோ தொழிலுறவுச் சபையிடம் வென்றார்கள். சில மாதத்தில் நிறுவனம் கனடாவை விட்டே கிளம்பியது. 2025 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள செயலித் தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சக் கூலியை உறுதி செய்கிறது. ஆனால் ஓடரை ஏற்ற நேரத்திலிருந்து கொடுத்து முடிக்கும்வரைதான். உணவக வாசலில் கைபேசியைப் பார்த்தபடி அடுத்த ஓடருக்காகக் குளிரில் நிற்கும் நேரம் கணக்கில் இல்லை. பெற்றோலும் சொந்தச் செலவு.

முதுகில் சதுரப் பை மாட்டி மின்சைக்கிளில் போகும் இந்த இளைஞர்கள்தான் அண்மைக் காலத்தின் பலிகடாக்கள். அவர்களில் மாணவ அனுமதியில் வந்த இந்தியர் பலர். அவர்களை யார் வரவழைத்தார்கள்? ஒன்ராறியோ அரசு 2019ல் உள்ளூர் மாணவர் கட்டணத்தை 10 சதவீதம் வெட்டி, பிறகு உறையவைத்தது. பள்ளத்தை நிரப்பக் கல்லூரிகள் வெளிநாட்டுக்குப் போயின. 2020-21ல் அரச கல்லூரி மாணவரில் 30 சதவீதமாக இருந்த வெளிநாட்டவர், கட்டண வருமானத்தில் 68 சதவீதத்தைக் கட்டினார்கள் என்று மாகாணக் கணக்காய்வாளரே எழுதினார். 2022ல் நாடெங்கும் வேலை வெற்றிடங்கள் ஏறத்தாழ பத்து இலட்சத்தைத் தொட்டதும், மாணவர் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பை நடுவண் அரசு தளர்த்தியது. தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளரைக் குறைந்த கூலிக்கு எடுக்கும் வரம்பும் 10 சதவீதத்திலிருந்து 20 ஆனது; சில துறைகளில் 30. முதலாளிமார் கேட்டார்கள், அரசு கொடுத்தது.

2023 முடிவில் ரொறன்ரோவில் புதிதாக வாடகைக்கு விடப்பட்ட ஓர் அறைக் குடியிருப்பின் சராசரி வாடகை 2,500 டொலரைத் தாண்டியிருந்தது. சமூக வீடமைப்புக்குப் புதிதாகப் பணம் ஒதுக்குவதை நடுவண் அரசு 1993ல் நிறுத்தியதும், மாகாணம் 1995ல் கைவிட்டதும், 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாக ஆட்கள் குடிபுகுந்த வீடுகளுக்கு ஒன்ராறியோவில் வாடகைக் கட்டுப்பாடே இல்லாததும் நீண்டகாலக் காரணங்கள். குடிவருவோர் தொகை வேகமாக ஏறியது வாடகையை மேலும் அழுத்தியது என்பதும் உண்மை. அதை மறைத்துப் பேசினால் ஆய்வு பாதியாகிவிடும். ஆனால் முப்பது வருடத் தீர்மானங்களின் பழியை, அடித்தள அறையொன்றில் ஐந்தாறு பேராக மெத்தை விரித்துப் படுப்பவர் மீது வைப்பது வேறு காரியம். குடிவரவு மிதமிஞ்சிவிட்டது என்போர் 2022ல் 27 சதவீதம். 2024ல் 58 சதவீதம் என்கிறது என்விரானிக்ஸ் நிறுவனக் கருத்துக்கணிப்பு. 2024 ஜனவரியில் மாணவ அனுமதிக்கு உச்சவரம்பு வந்தது. ஸ்காபரோத் தமிழ்க் கடைகளிலும் கோயில் மண்டபங்களிலும் அந்நாட்களில் மாணவர்களைப் பற்றிக் கேட்ட முறைப்பாடுகள், 1986ல் தமிழரைப் பற்றிச் சொல்லப்பட்டவைதான்: கூட்டமாக இருக்கிறார்கள், பொய் சொல்லி வந்தார்கள், வேலையைப் பறிக்கிறார்கள்.

அரசுகள் பழியை ஒன்றன் தலையில் ஒன்று தள்ளும்போது நடுவில் நிற்பவருக்கு என்ன ஆகும் என்பதை 2023 கோடையில், ரொறன்ரோ நகராட்சியின் தங்குமிடப் பதிவு நிலையம் இருந்த பீற்றர் வீதி 129ம் இலக்கத்தில் காண முடிந்தது. தங்குமிடம் கேட்டு வந்த அகதிக் கோரிக்கையாளரை நடுவண் அரசிடம் போகச் சொல்லி நகராட்சி ஜூனில் திருப்பியது. நடுவண் அரசு நகராட்சியைக் காட்டியது. பெரும்பாலும் ஆபிரிக்காவிலிருந்து வந்த அவர்கள் நடைபாதையில், மழையில், அட்டைப் பெட்டி விரித்துக் கிழமைக்கணக்கில் படுத்தார்கள். கடைசியில் நோர்த் யோர்க்கின் கறுப்பினத் தேவாலயங்கள் அவர்களை ஏற்றிச் சென்றன. ஜூலையில் ரொறன்ரோவுக்கு 9.7 கோடி டொலரை நடுவண் அரசு அறிவித்தது.

2025 ஜூலையில் இளைஞர் வேலையின்மை 14.6 சதவீதமானது. செப்ரெம்பரில் எதிர்க்கட்சித் தலைவர் பியேர் பொய்லியெவ் தற்காலிகத் தொழிலாளர் திட்டத்தையே ஒழிக்க வேண்டும் என்றார். அத்திட்டத்தில் இருப்போர் நாட்டுத் தொழிலாளரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். திட்டத்தைக் குறைசொல்ல நியாயமான காரணம் உண்டு: அனுமதி ஒரே முதலாளியின் பெயரில் கட்டப்பட்டிருப்பதால், அவரை விட்டு விலகினால் நாட்டில் இருக்கும் உரிமையே ஆட்டம் காணும். ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் தொமோயா ஒபொகாதா 2023ல் கனடாவுக்கு வந்து பார்த்துவிட்டு, நவீன அடிமைமுறை விளையும் நிலம் இது என்ற பொருளில் எழுதினார். முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தால் கூலியை அழுத்தும் வலு போய்விடும். உள்ளூர் இளைஞருக்கும் அதில் நன்மை உண்டு. மேடைகளில் அது அதிகம் பேசப்படவில்லை.

ஆவணம் இல்லாதோர் நிலை இதற்கும் கீழே. வீட்டைப் பறிக்கிறார்கள் என்று சொல்லப்படுவோரில் ஒரு பகுதியினர்தான் ரொறன்ரோவின் வீடுகளைக் கட்டுகிறார்கள். பெரும்பாக ரொறன்ரோவில் விசாக் காலம் முடிந்த பின்னும் கட்டுமானத் தளங்களில் உழைத்தவருக்கு, கனடியத் தொழிற்சங்கப் பேரவை வழியாக நிரந்தர வதிவிடம் தரும் சிறு திட்டம் 2020 ஜனவரியில் தொடங்கியது. இடம் முதலில் 500, பின்பு 1,000. ஆவணம் இல்லாதோரை நாடளாவிய அளவில் முறைப்படுத்தும் பரந்த திட்டம் 2024ல் கைவிடப்பட்டது. 2025 மார்ச்சில் கட்டுமானத் தொழிலாளர் 6,000 பேர்வரை ஏற்கப்படுவர் என்று அறிவிப்பு வந்தது. உணவகச் சமையலறையும், இரவுத் துப்புரவும், பொதிகட்டும் பட்டியும் அந்த அறிவிப்பில் இல்லை.